காலி எடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: வீட்டுக்காரர், எரிவாயு டிப்போவில் திரும்பி வரும் காலி சிலிண்டர்களைச் சரிபார்த்து வாங்குகிறவர், அங்கே காலிக்காரர் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். ஜன்னலோரத் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற அவர் மனைவி. அவளுடைய தம்பி, பணவண்டியில் பதினோரு வருடம் காவலுக்குப் போனவன், கம்பெனி மூடிய பிறகு சும்மா இருப்பவன். மாடி வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், திருப்புளி இரவல் கேட்க வந்து உட்கார்ந்துவிட்டவர். மேசை நடுவே பச்சைத் துண்டில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி.

வராதவன் ஒருவன். மகன், வயது இருபத்திரண்டு. நாலடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால் படுத்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

மைத்துனன் துண்டைப் பிரித்தான்.

"இதான்க்கா. எம்பேர்லதான் லைசென்ஸ். வண்டியில இத்தன வருஷம் இடுப்புல இருந்தது. ஒரு தடவ கூட வெடிக்க வேண்டி வந்ததில்ல. அதான் இதோட பெரும."

"வெடிக்காததே பெருமையா?" என்றார் தபால்காரர். "அப்ப எங்க வீட்டு மிக்சி கூட பெருமைக்குரிய பொருள்தான்."

மனைவி சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன், அதே தெருவில் மூன்றாவது வீட்டில், தண்ணீர் மெஷின் சர்வீஸ் என்று சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி தனியாக இருந்தாள். ஸ்பேனரால் அடித்துவிட்டு, பீரோவைக் காலி செய்துகொண்டு போனார்கள். தலையில் ஏழு தையல். இப்போது அந்த அம்மாள் மணி என்ன என்று கேட்கிறாள், சொன்னால் தலையாட்டுகிறாள், மறுபடியும் மணி என்ன என்று கேட்கிறாள். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசல் கதவில் மூன்று தாழ்ப்பாள். படிக்கட்டில் யார் காலடி கேட்டாலும் தையல் மிஷின் நின்றுவிடும்.

"பதினோரு மணிக்கு வந்தானுங்க. பட்டப்பகல்ல," என்றாள். "நீங்க டிப்போவுல இருப்பீங்க. நான் என்னங்க பண்றது? இந்த நாடாவ வெச்சு அவன் கழுத்த அளக்கவா?"

"வேணாம்," என்றார் காலிக்காரர்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

"மாமாவுக்குப் பயம்," என்றான் மைத்துனன். "குண்டு மாதிரி சிலிண்டருங்களுக்கு நடுவுல நாள் பூரா நிக்கிறாரு. இந்த உள்ளங்கை அகலத்துக்குப் பயப்படுறாரு."

"பயம் இதுமேல இல்ல மாப்ள. வீட்டுல..."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் இருந்த விஷயத்துக்கு ஒரு பெயர் உண்டு. வயிற்றுவலி. போன வருடம் மகன் பார்சல் கிடங்கில் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கல்லூரியைப் பாதியில் விட்டவன், அந்த வேலையையும் ஆறாவது மாதம் விட்டான். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. தலையணைக்கடியில் காலி மாத்திரை அட்டைகள். தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவி, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றுவலி என்று சொன்னாள் அம்மா. பத்துப் பேருக்குச் சொன்னதும் அவளுக்கே அது வயிற்றுவலியாகிவிட்டது. மகனும் மறுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதுகூட வேறு சொல் வாயில் வரவில்லை. அவள் தம்பிக்குக்கூட வயிற்றுவலி என்பதுதான் தெரியும். "வெளில கண்டத சாப்பிட்டிருப்பான்" என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

மகன் அறையின் உள்தாழ்ப்பாளை மட்டும் காலிக்காரர் கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டது என்று சொன்னார்.

இப்போது அந்தச் சொல்லை மேசைமேல் போட்டு உடைத்திருக்க வேண்டும். மைத்துனன் எதிரே இருந்தான். பக்கத்தில் மாடி வீட்டுக்காரர், இந்தக் கட்டடத்தின் எல்லாத் தளங்களுக்கும் இன்றைக்கும் சேதி விநியோகிக்கிறவர். சாத்திய கதவு நாலடியில் இருந்தது. காலிக்காரர் அந்த நாலடியைப் பார்த்தார். பிறகு பேரம் பேசினார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா காலியா இருக்கணும்."

"காலியாவா? அத வெச்சு என்ன மாமா பண்றது, திருடன் தலைல எறியவா?"

"காட்டினா போதும். அவன் என்ன உள்ள பாத்துட்டா ஓடப் போறான்?"

"நியாயம்தான்," என்றார் தபால்காரர். "கடிக்கிற நாயா இல்லையான்னு யாரும் வாய்க்குள்ள கைய விட்டுப் பாக்கறதில்ல."

மைத்துனன் உருளையைத் திறந்து குண்டுகளை உள்ளங்கையில் கொட்டினான். ஆறு. மாத்திரைகளை வாங்குவதுபோல அவன் கையைக் குவித்துப் பிடித்திருந்தான். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்காகத் திருப்பினாள் என்பது அந்த மேசையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"பாத்துக்குங்க. காலி."

காலிக்காரர் எழுந்து போய், மனைவி தையல் பார்சலுக்கு எடை பார்க்கும் தராசைக் கொண்டுவந்தார். துப்பாக்கியை அதன்மேல் வைத்தார். 782 கிராம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியின் உள்பக்கம் தையல் சாக்கட்டியால் எழுதினார்: காலி எடை 782.

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். "எந்தத் தெருவுக்கு மாமா சப்ளை?"

அவருக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாகச் செய்யும் வேலை. லாரி உள்ளே வரும்போதே டிரைவர் கத்துவான், "எல்லாம் காலிண்ணே, இறக்கிக்கலாம்." காலிக்காரர் காதில் வாங்கமாட்டார். ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றுவார். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை அடித்திருக்கும். அதற்குமேல் முள் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு உள்ளே இருக்கிறது. அநேகமாக எல்லாவற்றிலும் ஏதாவது இருக்கும். வால்வைத் திறந்து பார்ப்பது கிடையாது. தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது எதுவும் கிடையாது. எடைதான். காலிதானே என்று பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்த ஒருவனுக்கு ஒரு பக்கப் புருவம் இன்னும் முளைக்கவில்லை. டிப்போவில் அவன் பெயர் அரைப்புருவம்.

பெட்டி பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளப் போனார்.

"திருடன் உள்ள வந்தப்புறம் டிப்போவுக்குப் போன் போட்டுச் சாவி கேக்கவா?" என்றாள் மனைவி.

சாவி தையல் மிஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அடுத்த சில நாட்களில் வீடு தேறியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். மிஷின் நிற்காமல் ஓடியது. வாசல் மணி அடித்தால் அவள் கதவருகில் போய், "யாரு?" என்று உரத்துக் கேட்டாள். குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது. காலியான ஒரு இரும்புக்கு இவ்வளவு பலமா என்று காலிக்காரருக்கு ஆச்சரியமாகவும், தான் எதிர்த்தது வீம்புதானோ என்றும் இருந்தது.

இரண்டாவது வாரம் மகனும் தேறினான். புதன்கிழமை தாடியை எடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். சமையலறையில் போய்ப் பாத்திரம் விளக்கினான். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எம்புள்ள திரும்பிட்டாங்க," என்று இரவு படுக்கையில் கிசுகிசுத்தாள். அவர் ம் என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு லாரி வழியில் பழுதாகி நின்றுவிட, டிப்போவில் மத்தியானமே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அவர் படியேறும்போது மாடி வீட்டுக்காரர் எதிரே இறங்கினார். கையில் ஒரு ஹெட்போன்.

"உங்க பையன் எம்பேத்திக்குக் குடுத்தான் சார். விலை ஒசந்தது. வேணாம்னு சொன்னேன், கேக்கல. நேத்து கீழ்வீட்டுப் பயலுக்கு சைக்கிளையும் தூக்கிக் குடுத்துட்டானாமே? தர்மராஜா ஆயிட்டான். பேட்டரி எங்க போடறதுன்னுதான் தெரியல, கடைக்குப் போறேன்."

காலிக்காரர் அந்த ஹெட்போனையே பார்த்தார். கிடங்கு வேலையில் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதை யாரும் தொடவிடமாட்டான். சைக்கிள், ஹெட்போன், தாடி. டிப்போவில் ஒரு சிலிண்டர் சீறினால் அவர் கலங்கமாட்டார். சத்தம் கேட்கிறது, ஆள் விலகலாம். சீறிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால்தான் ஆட்களை வெளியே விரட்டுவார்.

வீட்டுக்குள் வந்து நேரே சாவியை எடுத்தார். மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க? எதுக்கு அது?"

அவர் பீரோவைத் திறந்து பெட்டியை இறக்கினார். தராசை எடுத்து, எதுவும் வைக்காமல் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது. துப்பாக்கியை வைத்தார்.

797.

எடுத்து மறுபடி வைத்தார். 797.

"பதினஞ்சு கிராம் கூட இருக்கு."

"தூசியா இருக்கும்."

"பதினஞ்சு கிராம் தூசியா? இதத் தொட்டியா நீ?"

"நான் எதுக்குத் தொடுறேன்? எம்பிள்ளைமேல சத்தியமா தொடல." அவள் குரல் இறங்கியது. "உள்ள போடல. உள்ள போடவே இல்ல நான்."

"எத?"

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்துச் சுருட்டினாள். "அன்னிக்குத் தம்பிய வழியனுப்பப் போனப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கினேன். காலிய வெச்சு என்ன பண்றது? எனக்கு மனசு கேக்கல. தனியாத்தான் வெச்சேன். பித்தான் டப்பால, அடியில. நாள் முழுக்க எங்கண்ணு முன்னாடிதான் இருக்கு அது."

காலிக்காரர் பித்தான் டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். வெள்ளை, கறுப்பு, நாலு கண், இரண்டு கண், கோட்டுப் பித்தான், குழந்தைச் சட்டைப் பித்தான் எல்லாம் சிதறி ஓடின. சில கீழே விழுந்து உருண்டன. அவள் இரண்டு கையாலும் துழாவினாள். இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். பித்தான்தான் இருந்தது.

அவள் தலையைத் தூக்காமலே, "திருடன் வந்திருப்பானோ?" என்றாள்.

இரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்தார்கள்.

"உந்தம்பிய வரச் சொல்லு," என்றார். துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அளவு நாடாவால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதை இடுக்கிக்கொண்டு மகன் அறைக்குள் போனார்.

மகன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அறை சுத்தமாக இருந்தது. அந்த அறையை அவ்வளவு சுத்தமாக அவர் பார்த்ததே இல்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்களேப்பா."

"லாரி வரல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

மகன் பெட்டியைப் பார்த்தான். "எட போட்டீங்களா?"

"ம்."

"எனக்குத் தோணியிருக்கணும்," என்றான். பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டவன் மாதிரி சொன்னான்.

"எப்ப போட்ட?"

"செவ்வாக்கிழம. அம்மா கறுப்புப் பித்தான் ஒண்ணு எடுத்துத் தரச் சொன்னாங்க. கைல வந்துச்சு. ராத்திரி நீங்க தூங்கினப்புறம் போட்டேன்."

"இன்னிக்கு வெள்ளி."

"நாளைக்கு அம்மா கடைக்குப் பார்சல் குடுக்கப் போவாங்க. அவங்க இருக்கும்போது வேணாம்னு பாத்தேன்."

காலிக்காரர் நாடா முடிச்சை இன்னும் இறுக்கினார். "திருடனுக்குன்னு சொல்லுடா."

"சொன்னா நம்புவீங்களா?"

"நம்புவேன்."

"அப்ப சொல்லமாட்டேன்."

வெளியே தரையில் மனைவி பித்தான் பொறுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக டப்பாவில் விழுந்தது.

"ஏன்டா?"

"தெரியலப்பா. தெரிஞ்சா சொல்லமாட்டேனா? உங்கமேல கோவமில்ல, அம்மாமேல இல்ல. காலைல எந்திரிச்சா உள்ள ஒண்ணுமே இல்ல. காலி."

"காலியா இல்லையான்னு நீ சொல்லாத," என்றார். "அது என் வேல."

மகன் மூக்கால் லேசாகச் சிரித்தான். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் தொட்டு ஆற்றவில்லை. பெட்டியிலிருந்து கையை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மைத்துனன் வந்து, பெட்டியை வாங்கிப் பிரித்து, துப்பாக்கியை மேசையில் வைத்து உருளையைத் திறந்தான். குண்டை உடனே எடுக்கவில்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தான், விசையைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். பிறகுதான் குண்டை வெளியே எடுத்தான்.

"விசைய ஒரு தடவ அழுத்தினாலே வெடிச்சிருக்கும் மாமா," என்றான். "இடம் பாத்து வெச்சிருக்கான்."

"வண்டி கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடறேன், இப்பவே."

"முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் அது."

மகன் மறுக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். நடுவில் ஒரு பித்தான் இல்லை. அம்மா ஊசி நூலை எடுத்துக்கொண்டு வந்தாள், நிற்கவைத்தே தைத்தாள், நூலைப் பல்லால் கடித்தாள். அவளும் செருப்பைப் போடப் போனாள்.

"நீ இரு," என்றார் காலிக்காரர். "நீ அழுவ. அவன் படியிலேயே திரும்பிடுவான்."

"என்னத் தனியா விட்டுட்டா?" என்றாள். பயம் அப்படியே இருந்தது. மூன்றாவது வீட்டு அம்மாள் இன்னும் மணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அடித்தவர்கள் இன்னும் அகப்படவில்லை. பிறகு அவர் கையைப் பிடித்து, மகனுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "நான்தானேங்க அந்த ஒண்ண வாங்கி வெச்சேன்."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"ஆமா," என்றார். "நானும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

படியிறங்கும்போது மூன்று தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினார். ஒன்றுகூடக் கேட்கவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோது, மாடிப்படித் திருப்பத்துச் சின்ன ஜன்னலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டை விரியத் திறந்துபோட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு கடைசிக் கட்டடத்தில் இருந்தது. டாக்டர் மகனோடு தனியாகப் பேசிவிட்டு, இன்றே சேர்த்துவிடலாம் என்றார். நர்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வயது, முகவரி, உடன் வந்தவர் எல்லாம் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது?"

"போன வருஷம். வயித்து வலி."

பேனா நின்றது. "வயித்து வலியா?"

காலிக்காரர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா. வயித்து வலி இல்ல. மாத்திர சாப்பிட்டான். இருவத்தெட்டு. சாகறதுக்கு."

அந்தச் சொல் வெளியே வந்து விழுந்தது. கூரை இடிந்துவிடவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டாள். பின்னால் நின்ற மைத்துனன்தான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"மாமா, எங்கிட்ட ஏன் சொல்லல? இது தெரிஞ்சிருந்தா அத நான் அந்தத் தெருப் பக்கமே கொண்டு வந்திருப்பேனா?"

அதைச் சொல்வதற்கான மேசையும் ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டன.

நர்ஸ் மகனிடம் பெல்ட்டை வாங்கினாள். ஷூவைக் கழற்றச் சொல்லி, கயிறோடு எடுத்து வைத்தாள். போன், சாவி, பையிலிருந்த சில்லறை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போய், அப்பா கைக்கு வந்தது. பிறகு அவனை எடை மிஷின்மேல் ஏறச் சொன்னாள். காலிக்காரரின் கழுத்து தானாகவே முள்ளின் பக்கம் நீண்டது.

"நாப்பத்தொம்போது," என்றாள் நர்ஸ்.

"சரியா பாத்துக்கம்மா. எல்லாம் எடுத்தப்புறம்தானே?"

"எல்லாம் எடுத்தாச்சு சார்."

மகன் எடை மிஷினிலிருந்து இறங்கும்போது அவரைப் பார்த்தான். அப்பா எதற்காகக் கேட்டார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அம்மாட்ட, பித்தான் நல்லா நிக்குதுன்னு சொல்லுங்க," என்றான்.

"சொல்றேன்."

"பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

"அதச் சொல்லமாட்டேன்."

இரும்புக் கதவின் நடுவே சின்னக் கண்ணாடி இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பணியாள் வந்து திறந்தான். மகன் கயிறில்லாத ஷூவை இழுத்து இழுத்து உள்ளே நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் சாவி இரண்டு முறை திரும்பியது. காலிக்காரர் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.